இரவல் நிறம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் படங்களில் ஒன்று மட்டும் கருப்பு வெள்ளை. அப்பாவைப் பெற்ற ஆயா ஒரு ஸ்டுடியோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் திரைச்சீலையில் வரைந்த மாடிப்படியும் பூந்தொட்டியும். பக்கத்தில் பதினோரு வயது அத்தை விறைப்பாக நிற்கிறாள். ஆயாவின் மடியில் மூன்று வயது அப்பா. அசைந்துவிட்டதால் முகம் கலங்கிப்போயிருக்கிறது. 1957இல் எடுத்த படம். புதுச்சேரியை பிரெஞ்சுக்காரர்கள் கைமாற்றிக் கொடுத்துவிட்டு, சட்டப்படி இன்னும் கொடுக்காமல் இருந்த காலம். அதற்கு இரண்டு வருடம் கழித்து ஆயா இறந்துவிட்டாள். அவளுக்கு இருப்பது இந்த ஒரு படம்தான்.

2024இல், ஆடி அமாவாசைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்பா என்னிடம் கேட்டார். "நீ கம்ப்யூட்டர்லதானே வேல பாக்குற. இத கலர் பண்ணித் தர முடியுமா? எனக்கு எழுபது ஆவுது. எங்கம்மாவ ஒருவாட்டி கலர்ல பாத்துடறேன்."

"உங்களுக்கு ஆயா முகம் ஞாபகம் இருக்காப்பா?"

"ஒண்ணும் இல்லடா. இந்தப் படந்தான் ஞாபகம்."

உழவர்கரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துதான் நான் வேலை பார்க்கிறேன். ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நாலு வாரம் ஆனது. அந்த நாலு வாரத்தில் எனக்குள் எழுந்த கேள்வி இன்னும் முடியவில்லை: இறந்துபோன ஒருவருக்கு, அவர் உடுத்தியிராத நிறத்தைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா? அதனால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது?

*

'நிறத்தை மீட்டெடுத்தல்' என்று இதற்கு விளம்பரம் செய்கிறார்கள். மீட்பதற்கு அந்தப் படத்துக்குள் நிறம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஒரு வண்ணப்படத்தைக் கம்ப்யூட்டர் சாம்பலாக்கும்போது வழக்கமாகச் செய்யும் கணக்கு எளிது. சிவப்பில் சுமார் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்துக் கூட்டினால் ஒரே எண் வரும். 255 உச்சம் என்று வைத்துக்கொண்டால், சிவப்பு 150 உள்ள ஓர் அரக்குப் புடவையும் பச்சை 76 உள்ள ஒரு கரும்பச்சைப் புடவையும் சாம்பலில் ஒரே 45தான். மூன்று எண்ணை ஒன்றாக்கியாகிவிட்டது. அந்த ஒன்றிலிருந்து மூன்றுக்குத் திரும்பிப் போக வழியில்லை.

ஆகவே எந்த முறையானாலும் நிறத்தை எங்கிருந்தாவது கடன் வாங்கித்தான் ஆகவேண்டும். யாரிடம் கடன் வாங்குகிறது என்பதுதான் ஒரு முறைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம். நான் நாலையும் முயன்று பார்த்தேன்.

முதலாவது, ஜெருசலேம் ஆய்வாளர்கள் மூவர் 2004இல் வெளியிட்டது. புடவை மேல் நாம் ஒரு பச்சைக் கோடு கிறுக்கினால் போதும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் சாம்பல் ஒன்றுபோல இருந்தால் நிறமும் ஒன்றுபோல இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையை வைத்துக்கொண்டு, கரை வரும்வரை அந்தப் பச்சையைக் கணக்கு பரப்பிவிடும். கடன் என்னிடமிருந்து. பொய் சொன்னால் பொய் சொன்னது நான்தான் என்பதில் சந்தேகமே இல்லை. பச்சை, ஊதா, கத்தரிப்பூ என்று எதைக் கிறுக்கினாலும் அழகாகவே வந்தது. அதைப் பார்த்துத்தான் முதலில் கொஞ்சம் பயந்தேன்.

இரண்டாவது, 2002இல் வந்தது. மாதிரிக்கு ஒரு வண்ணப்படத்தைக் கொடுத்தால், அதில் சாம்பலும் நயமும் ஒத்துப்போகும் இடங்களைத் தேடி நிறத்தை எடுத்துவந்து இங்கே பூசும். 1983இல் எடுத்த அம்மாவின் கல்யாணப் படத்தைக் கொடுத்தேன். அம்மாவின் கிளிப்பச்சை ஆயாமேல் ஏறிக்கொண்டது. பார்த்த அம்மா, "என் கூரப்பொடவய எங்க மாமியாருக்குக் கட்டிவுட்டியா?" என்று சிரித்தார்.

மூன்றாவது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2016இல் செய்தது. இதற்குக் கிறுக்கலும் வேண்டாம், மாதிரியும் வேண்டாம். சுமார் 13 லட்சம் வண்ணப்படங்களைச் சாம்பலாக்கிக் காட்டி, ஒவ்வொன்றின் நிறத்தையும் ஊகிக்கப் பழக்கியிருக்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. புடவை சிவப்பாகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம் என்றால், தவறைக் குறைக்கப் பார்க்கும் மாடல் இரண்டுக்கும் நடுவில் ஒரு மண் நிறத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க நிறங்களை 313 கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தக் கட்டம் எவ்வளவு சாத்தியம் என்று மாடல் பட்டியல் போடும். அபூர்வமான நிறங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து, கடைசியில் ஒரே நிறமாக்கிக் காட்டும். அசல் படத்தையும் மெஷின் நிறமூட்டிய படத்தையும் ஆட்களிடம் காட்டியபோது, 32 சதவீத முறை மெஷினுடையதையே அசல் என்று நம்பினார்களாம். ஆயாவுக்கு இது பழுப்பில் ஒரு புடவையும் தோள்பக்கம் காரணமில்லாத ஓர் ஊதாத் திட்டும் கொடுத்தது.

அந்த 32 என்ற எண்ணை நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சோதனை அளந்தது, எத்தனை பேரை நம்பவைத்தோம் என்பதை. அசல் நிறம் என்ன என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது என்றால், அளப்பதற்கு வேறு என்னதான் இருக்கிறது? ஆய்வாளர்கள் மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்பா என்னிடம் கேட்டது நம்பவைக்கச் சொல்லி அல்ல.

நாலாவது, டிஓல்டிஃபை. 2018இல் ஜேசன் ஆன்டிக் என்ற புரோகிராமர் வெளியிட்டார். ஒரு மாடல் நிறம் பூசும், இன்னொன்று 'இது அசல் மாதிரி இல்லை' என்று குறை சொல்லும். இந்தச் சண்டையில் முதலாவது தேறிவரும். 2020இல் மைஹெரிட்டேஜ் என்ற வம்சாவளித் தளம் இதை எடுத்துக்கொண்ட பிறகு உலகம் முழுக்கத் தாத்தா பாட்டிகளுக்கு நிறம் வந்தது. அந்தத் தளம் நிறமூட்டிய படத்தின் ஓரத்தில் ஒரு வண்ணத்தட்டுச் சின்னம் போடும். இது அசல் இல்லை என்று தெரியவேண்டுமே.

இதில் ஆயாவின் புடவை நீலமாக வந்தது. கருநீலம், இளமஞ்சள் கரை. தோல் கோதுமை நிறம். உதட்டில் லேசான ரோஜா. நாலில் இதுதான் அழகு. அப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "அட" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

*

இங்கேதான் நான் தப்பு செய்தேன்.

"நீலமாடா?" என்று அப்பா கேட்டபோது, "தெரியாதுப்பா, மெஷின் ஊகம்" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. புதுச்சேரி ஒரு காலத்தில் நீலத் துணிக்குப் பேர்போன ஊர். இங்கே அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணி, கினே என்ற பெயரில் பிரெஞ்சுக் கப்பல்களில் செனகல்வரை போயிருக்கிறது. தாத்தா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். "அதனால நீலமா இருக்க வாய்ப்பு இருக்குப்பா" என்றேன்.

கினே பற்றிச் சொன்னது உண்மை. தாத்தாவின் மில்லும் உண்மை. இரண்டுக்கும் அந்தப் புடவைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மெஷின் செய்தது வெறும் ஊகம். அதற்கு ஒரு வரலாறு தைத்துக் கொடுத்தவன் நான்.

அதைவிட மோசம், நீலத்துக்கு எதிரான ஆதாரம் எனக்குத் தெரிந்தே இருந்தது. பழைய ஃபிலிம்களில் ஆர்த்தோகுரோமேட்டிக் என்று ஒரு வகை. அதற்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்பு அதில் கருப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். இருட்டறையில் சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டே கழுவலாம் என்பதால் அது ஸ்டுடியோக்களுக்கு வசதி. எங்கள் படத்தின் நெகட்டிவ் இல்லை, உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்திலேயே அதிகக் கருப்பாக இருப்பது ஆயாவின் நெற்றிக் குங்குமம். ஆர்த்தோவாகத்தான் இருக்கும் என்று ஸ்கேன் செய்த அன்றே நினைத்தேன். அப்படியானால் கருப்பாக விழுந்திருக்கும் அந்தப் புடவை சிவப்புக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாடல்களுக்கு இது தெரியாது. அவை பழகியது இன்றைய வண்ணப்படங்களைக் கணக்குப்படி சாம்பலாக்கி. அந்தச் சாம்பல் வேறு, 1957இன் சாம்பல் வேறு. எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது சொல்லத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் செல்போனில் படத்தைக் காட்டி அப்பா பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இந்த நீலப் பொடவ எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. இதோட முந்தானைய புடிச்சிக்கிட்டுதான் தூங்குவேன்."

ஒண்ணும் ஞாபகம் இல்லை என்று சொன்ன அதே அப்பா.

*

நிறம் பூசுவது நம் ஊருக்குப் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்தியாவில் கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நகைக்கு மஞ்சள், உதட்டுக்குச் சிவப்பு, கன்னத்துக்குக் கொஞ்சம் ரோஜா. ஆனால் அதைப் பார்க்கும் யாருக்கும் அது பூசியது என்று தெரியும். தூரிகை தெரியும். இந்தப் புது முறைகள் தூரிகையை மறைப்பதைத்தான் திறமை என்று கொள்கின்றன.

சினிமாவிலும் செய்திருக்கிறார்கள். 1960இல் வந்த 'முகல்-ஏ-ஆசம்' 2004 நவம்பரில் முழு வண்ணத்தில் மறுபடி வெளியானது. எங்கள் படம் எடுத்த அதே 1957இல் வந்த தெலுங்கு 'மாயாபஜார்' 2010இல் வண்ணமானது. ரசனை சார்ந்து இதை எதிர்க்கலாம். ஆனால் சசிரேகாவுக்கு எந்த நிறம் பூசினாலும், அப்படி ஒருத்தி வாழவில்லை என்பதால் யாருக்கும் அநியாயம் நடந்துவிடவில்லை. அது ஆதியிலிருந்தே ஜோடனை.

வாழ்ந்தவர்கள் விஷயம் வேறு. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சிக்காலத்தில் துவோல் ஸ்லெங் சிறைக்கு வந்த கைதிகளை வரிசையாகப் படம் எடுத்தார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் பிற்பாடு கொல்லப்பட்டார்கள். 2021 ஏப்ரலில் ஒரு கலைஞர் அந்தப் படங்களில் சிலவற்றுக்கு நிறமூட்ட, ஒரு பிரபலமான இணைய இதழ் வெளியிட்டது. பிறகுதான் தெரிந்தது, அவற்றில் சில முகங்களுக்குப் புன்னகையும் சேர்த்திருக்கிறார் என்று. கம்போடிய அரசு கண்டித்தது. குடும்பத்தார் கொதித்தார்கள். இதழ் படங்களை எடுத்துவிட்டது.

என் நீலத்தை அந்தப் புன்னகையோடு ஒப்பிடுவது அதிகம்தான். அங்கே மறைக்கப்பட்டது கொலை. இங்கே ஒரு புடவை. ஆனாலும் இரண்டுக்கும் ஒரு சாயல் இருக்கிறது. பதில் சொல்ல முடியாத ஒருத்தர்மேல், உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பிடித்ததை ஏற்றிவைக்கிறோம். அவர்கள் மறுக்க முடியாது என்பதாலேயே அது அவ்வளவு சுலபமாக நடக்கிறது.

அப்படியென்றால் நிறமே கூடாதா? அப்படியும் சொல்ல மனம் வரவில்லை. முதல் உலகப்போர்ப் படச்சுருள்களுக்கு 2018இல் நிறமூட்டிய பீட்டர் ஜாக்சன், தன்னிடம் இருந்த அந்தக் காலச் சீருடைகளை வைத்து நிறத்தைப் பொருத்தினார். சீருடைக்கு மியூசியம் உண்டு. மில் தொழிலாளி மனைவியின் புடவைக்கு ஏது?

எனக்கு இருந்த ஒரே மியூசியம் முதலியார்பேட்டையில் இருந்தது.

*

படையலுக்கு இரண்டு நாள் முன்னால் அத்தை வந்தார். எழுபத்தெட்டு வயது. கண் ஆபரேஷன் செய்தபிறகு பார்வை நன்றாகவே இருக்கிறது. செல்போனில் படத்தைக் காட்டினேன்.

"யாரு இது?"

"நல்லா பாருங்கத்த."

வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பக்கத்தில் விறைத்து நிற்கும் சிறுமியைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. "இது நான். அப்போ இது எங்கம்மாவா? இவ்ளோ செவப்பாவா?"

ஆயாவை நேரில் பார்த்து ஞாபகம் வைத்திருப்பவர் இந்த உலகத்தில் அத்தை ஒருவர்தான். அவருக்கு அந்த அழகான படத்தில் தன் அம்மாவை அடையாளம் தெரியவில்லை.

"பொடவ என்ன கலருத்த?"

"அது எங்க பொடவையே இல்லடா. எதுத்த வூட்டு அக்கா குடுத்தாங்க, ஒரு நாளைக்கு இரவல். அரக்குப் பட்டு, மஞ்சக் கர. கரையில மாங்கா போட்டிருக்கும். மறுநாள் நான்தான மடிச்சி எடுத்தும்போயி குடுத்தேன்."

"நீங்க போட்டிருந்த பாவாட?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அது தெரியலடா."

இந்த 'தெரியல'தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அறுபத்தேழு வருட ஞாபகம், அத்தைக்கும் பிசகலாம். ஆனால் அவரிடம் திருப்பிக் கேட்கலாம், மடக்கலாம்; தெரியாத இடத்தில் தெரியாது என்பார். மெஷின் அப்படி ஒருபோதும் சொல்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், பெர்க்லி மாடலுக்குள்ளே அந்தத் தயக்கம் இருக்கிறது. 313 கட்டங்களின் பட்டியலே ஒரு 'தெரியல'தான்: இது இவ்வளவு, அது அவ்வளவு, எதுவும் உறுதியில்லை. வெளியே படமாக வரும்போது அந்தப் பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரு நிறத்தை மட்டும் காட்டுகிறோம். சந்தேகத்தை அழித்தது மெஷின் இல்லை. அழித்துக் கொடுக்கச் சொன்னது நாம்.

அடுத்தது தோல். "என் கலருதான். என்னவிட ஒரு புடி கூடவே கருப்பு. ஸ்டுடியோக்காரன் பவுடர அப்பி வுட்டான், எனக்கும் சேத்து" என்றார் அத்தை.

இதைக் கேட்டபிறகு நான் இன்னொரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். நான் பார்த்த முறைகள் எல்லாமே படத்தின் வெளிச்சத்தை, அதாவது சாம்பலை, அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் சேர்ப்பவை. அதுதான் அவற்றின் நேர்மை. ஆனால் இந்தச் சாம்பலே ஏற்கெனவே பூசியது. பவுடர், முகத்துக்கு நேரே விளக்கு; போதாதென்று அந்தக் காலத்தில் நெகட்டிவ் மேல் பென்சிலால் 'டச்' பண்ணி பிரிண்டில் முகத்தை வெளுப்பாக்குவதும் சகஜம். ஆயாவை அவள் இருந்தபடி கருப்பாகக் காட்டவேண்டும் என்றால் நான் அசலிலேயே கை வைக்க வேண்டும். அசலை மதித்தால் ஸ்டுடியோவின் பொய்யைக் காப்பாற்ற வேண்டும். குழந்தை 'செவப்பா பொறந்திருக்கு' என்பதைப் பாராட்டாகச் சொல்லும் வீட்டில், எந்தப் பக்கம் சாய்வது சுலபம் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே அதை நம்பக் கூடாது என்றும் தெரியும். அதேசமயம் ஒன்று: ஆயா அன்றைக்கு இரவல் பட்டு கட்டி, பவுடர் பூசிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். தன்னை அப்படிக் காட்டிக்கொள்ள அவளும் ஆசைப்பட்டிருக்கலாம். அந்த ஆசையை அறுபத்தேழு வருடம் கழித்து வந்து திருத்த நான் யார்?

*

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அத்தையே பேச்சை எடுத்தார். "டேய், அது நீலம் இல்ல. அரக்கு."

அப்பா தட்டைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கு நீலமாதாங்கா ஞாபகம் இருக்குது. முந்தானைய புடிச்சிக்கிட்டுத் தூங்குவேன்."

அத்தை வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மாடியில் என்னிடம் தனியாகச் சொன்னார். "முந்தானைய புடிச்சிக்கிட்டுத் தூங்குறது நெசந்தான். உருவினா அழுவான். ஆனா அதெல்லாம் வெளுத்த நூல் பொடவைங்க. நீலமும் இல்ல, அரக்கும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "நாந்தான் சின்னதுல அவங்கிட்ட சொல்லியிருப்பேனோ என்னவோ" என்றார்.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை தெரியவில்லை. பொய்யான நீலம், உள்ளே புதைந்திருந்த மெய்யான ஒன்றைக் கிளப்பிவிட்டதா? அல்லது அக்கா சொல்லிக் கேட்ட கதைமேல் மெஷின் நிறம் பூசிக்கொடுத்து, அது ஞாபகமாகக் காய்ந்துவிட்டதா? பிரித்துப் பார்க்க வழியில்லை. அந்த நீலத்தை இப்போது அழித்தால் அதோடு முந்தானையும் போய்விடும். எழுபது வயதில் ஒருத்தருக்குக் கிடைத்த அம்மாவைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. அப்பாவின் செல்போனில் நீலப்படம் அப்படியே இருக்கிறது.

ஆனால் சுவருக்குப் போகும் படம் அப்பாவுக்கு மட்டுமானது இல்லை. எனக்குப் பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் ஆயாவைத் தெரிந்துகொள்வார்கள். அவர்களிடம் இதெல்லாம் விளக்க யாரும் இருக்கமாட்டார்கள். நம் ஊர் செயிண்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உண்டு. பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்யும் பணியும் அங்கிருந்து நடந்திருக்கிறது. காப்பகக்காரர்களின் பழக்கம் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். படத்தோடு படத்தைப் பற்றிய குறிப்பையும் வைப்பார்கள்: எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, யார் சொன்னது.

அதனால் முதல் முறைக்கே, கிறுக்கும் முறைக்கே, திரும்பினேன். இந்த முறை கிறுக்கலில் அத்தை சொன்னதைத் தவிர வேறெதுவும் இல்லை. புடவைக்கு அரக்கு, கரைக்கு மஞ்சள். அத்தையின் பாவாடை சாம்பல். நாற்காலி, திரைச்சீலை, அப்பாவின் சட்டை சாம்பல். முகம் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியவில்லை. அதையும் சாம்பலாகவே விட்டேன். அது நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அது ஸ்டுடியோக்காரரின் பவுடர்.

பார்க்கக் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கிறது. சாம்பல் உலகத்தில் ஒரு புடவை மட்டும் எழுந்து நிற்கிறது. முதலில் பார்த்த அம்மா, "பாதியில வுட்டுட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிரேம் போடுவதற்கு முன்னால் படத்தின் பின்பக்கம் பேனாவால் எழுதினேன். 'புடவை அரக்கு, கரை மஞ்சள்: அத்தை சொன்னது, 2024 ஆடி. மற்றவை தெரியாது.' அத்தை பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இரவல்னும் எழுதுடா" என்றார். "அந்த அக்காவுக்கு யாரு இருக்கா."

எழுதினேன்.